குரல் போன வாரம்

மட்டாஞ்சேரியில் எங்கள் மிஷன் வீட்டுப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. கேரளம் தனி மாநிலமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆசிரியை வேலைக்கென்று வந்தவள் நான். எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்த அம்மா முழங்கால் வலி தாங்காமல் ஓய்வுபெற்று ஊருக்குப் போனதும், இனி நீயே நடத்து என்று தலைமையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணிடம் ஒரு ஊழியத்தை முழுசாக ஒப்படைப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயம் அதைவிட அதிகம்.

எங்கள் வேலை பெரும்பாலும் பாண்டிகசாலைப் பெண்களுக்கு நடுவில். கடைத்தெரு நெடுக, காயல் ஓரமாக, சரக்குக் கிடங்குகள். அவற்றைத்தான் அங்கே பாண்டிகசாலை என்பார்கள். மலையிலிருந்து வரும் மிளகும் சுக்கும் முற்றத்தில் காயும். பெண்கள் உட்கார்ந்து புடைப்பார்கள், சலிப்பார்கள், சொத்தை பொறுக்குவார்கள். அவர்களில் பலர் இரண்டு தலைமுறைக்கு முன்னால் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் போய் ஒரு பாட்டுப் பாடி, ஒரு வேதக் கதை சொல்லி, ஜெபித்துவிட்டு வருவோம். சாயங்காலம் மிஷன் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுப்போம். நாங்கள் என்றால் இரண்டே பேர். நானும், பாலக்காட்டிலிருந்து வந்த இருபத்து நான்கு வயதுச் சகோதரி ஒருத்தியும்.

அந்தப் பெண்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் பாதிக்குப் பாதி மலையாளம் கலந்திருக்கும். என் காதுக்கு அது அரிசியில் கல் போல நெறநெறத்தது. பொறுப்பு கைக்கு வந்த நாளிலிருந்து அதைத் திருத்துவதையும் ஊழியத்தில் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டேன். நல்ல தமிழ் வந்தால்தானே வேதம் படிக்க முடியும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் என் ஜெபம் வறண்டு கிடந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பதை ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் நான் சொல்லிக்கொண்டிருந்தது தலைமைக்கு மாதாமாதம் எழுதும் அறிக்கையைப் போலத்தான் இருந்தது. இத்தனை வீடு பார்த்தோம், இத்தனை பேர் வந்தார்கள், இன்னது வேண்டும், ஆமென். மறுமுனையில் யாராவது கேட்கிறார்களா என்ற நினைப்பே இல்லை.

நான் சொல்ல வந்தது ஒரு பிப்ரவரி மாத வாரத்தைப் பற்றி. அந்தச் சனிக்கிழமை பெண்களுக்கான வருஷாந்தரக் கூட்டம். தலைமையிலிருந்து பெரியம்மா நேரில் வருவதாக இருந்தது. எங்கள் மிஷன்களையெல்லாம் சுற்றிப் பார்க்கும் மூத்த ஊழியக்காரி அவர். எல்லாருமே அவரைப் பெரியம்மா என்றுதான் சொல்வோம்.

திங்கட்கிழமை காலை ஜெபத்துக்கு என் உடன் ஊழியக்காரி வரவில்லை. அறைக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டியைக் காணோம், படுக்கை சுருட்டி வைத்திருந்தது. தலையணை மேல் ஒரு கடிதம்.

“அக்கா, எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் நீங்கள் என்னைப் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள். ஜெபிக்கும்போதுகூட நான் என்ன தப்புச் சொல்வேன் என்று காத்திருக்கிறீர்கள். என்னால் இனி முடியவில்லை. ஊருக்குப் போகிறேன்.”

இரண்டு தடவை படித்தேன். பிறகு மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, பொறுப்பில்லாத பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நாளில் கூட்டம் இருக்கும்போது இப்படியா விட்டுவிட்டுப் போவாள்!

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தனியாகவே பாண்டிகசாலைக்குப் போனேன். அன்றைக்குச் சொல்ல எடுத்த கதை நீண்டுவிட்டது. சங்கு ஊதியும் நான் முடிக்கவில்லை. பெண்கள் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தார்கள். வெளியே காயலில் சரக்கு ஏற்ற வள்ளம் காத்துக்கிடந்திருக்கிறது. மேனேஜர் வந்து நின்றார். மரியாதையான மனிதர்.

“டீச்சர், இதுவரைக்கும் ஞான் ஒண்ணும் பறஞ்சதில்ல. ஆனா இனி இங்க கூட்டம் வேண்டா. முதலாளி கண்டா எனக்குப் பிரச்சினையாகும்.”

“இன்றைக்கு ஒருநாள்தானே ஐயா?”

“இன்னைக்கு ஒருநாள் இல்ல டீச்சர்.”

உண்மைதான். ஒருநாள் இல்லை. ஒன்பது வருஷமாக எனக்கு முன்னால் இருந்த அம்மா காப்பாற்றி வைத்திருந்த இடத்தை நாலு மாதத்தில் நான் தொலைத்துவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் மிஷன் வீட்டில் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒத்திகை. முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி வசனம் சொல்ல, ஒருத்தி பாட, ஒருத்தி ஜெபிக்க என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். ஜெபிப்பதற்கு நான் தேர்ந்தெடுத்தது சுக்குப் பொறுக்கும் ஒரு அக்காவை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நிதானமானவள், எந்தக் கூட்டத்துக்கும் முதலில் வந்து பாய் விரிப்பவள். அக்கா என்று இப்போது எழுதுகிறேனே தவிர, அந்த நாளில் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். “தெய்வமே, எங்க தெருவுக்கு வெள்ளம் தரணும். எத்தற நாளாச்சு…”

நான் குறுக்கிட்டேன். “வெள்ளம் என்று கேட்காதே. வெள்ளம் வந்தால் தெருவே முழுகிப் போகும். தண்ணீர் என்று சொல்.”

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று எனக்குத் தெரியாமலா? நன்றாகத் தெரியும். பெரியம்மா முன்னால் இப்படி ஜெபித்தால் என் மானம் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. நான் சொன்னதைக் கேட்டு நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அக்கா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தாள். “தண்ணீர்” என்று மெதுவாகச் சொன்னாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஒத்திகை முடிய வெகுநேரம் ஆனது. ஒவ்வொருவருக்கும் நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். சீசன் நாட்களில் மிளகுத் தூசியும், சுக்கை வெளுப்பாக்கத் தூவும் சுண்ணாம்புத் தூசியும் கடைத்தெருக் காற்றில் எப்போதும் இருக்கும். தொண்டை ஏற்கெனவே கரகரவென்றிருந்தது. வியாழக்கிழமை காலையில் எழுந்து ஜெபிக்க வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. முணுமுணுக்கவும் வேண்டாம். இல்லையென்றால் குரல் திரும்புவது கஷ்டம்” என்றார்.

சனிக்கிழமை கூட்டம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் வந்த பெண்களில் அந்த அக்கா இல்லை. எங்கே என்று கையால் கேட்டேன். மிளகு சலிக்கும் ஒருத்தி, “அவ இனி வரமாட்டா டீச்சர். நாணக்கேடு ஆயிப்போச்சு அவளுக்கு” என்றாள். பதில் சொல்ல எனக்குக் குரல் இருந்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். தமிழ் கற்றுக்கொடுப்பது தப்பா என்று கேட்டிருப்பேன். பேச முடியாததால் நாணக்கேடு என்ற அந்த வார்த்தை எனக்குள்ளேயே நின்றது. திங்கட்கிழமைக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை அது வேறு மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தாளில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தி எழுதினேன். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், மூன்றாவது முறை திருத்தியது ஒற்றுப்பிழைக்காக. அதை எடுத்துக்கொண்டு சுள்ளிக்கல் பக்கம் அவள் குடியிருந்த சந்துக்குப் போனேன்.

வரிசை வீடுகளில் நாலாவது வீடு. வாசலில் ஏழெட்டுக் குடங்கள் காலியாகக் கவிழ்த்திருந்தன. எல்லா வீட்டு வாசலிலும் அப்படித்தான். தெருக் குழாயின் வாயில் யாரோ துணியைச் சுற்றிவிட்டிருந்தார்கள். அக்கா என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தாள்.

“டீச்சரே! எந்தா இது, இந்த வெயில்ல? அகத்து வந்து இரிங்க.”

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். எங்கள் வகுப்பில் அவள் இன்னும் ஆனா ஆவன்னாவைத் தாண்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தை உள்ளே கொண்டுபோய்ப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருபவர். அன்று அவருக்கு விடுமுறை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைக் கிட்டத்திலும் தூரத்திலும் வைத்துப் பார்த்தார்.

“இது தமிழ் எழுத்தாணு” என்றார் சங்கடத்துடன். “நான் படிச்சது மலையாளம் ஸ்கூல்ல டீச்சர். பேசுறது தமிழ். எழுத்து தெரியாது. ஒரு காரியம் செய்யுங்க, மலையாளத்துல எழுதித் தாங்க. நான் வாசிச்சுச் சொல்றேன்.”

பென்சிலும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷம். மலையாளத்தில் ஒரு எழுத்துக்கூட எனக்கு எழுதத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மூன்று பேர் ஒரே பாஷை பேசுகிற வீட்டில் என் ஒரு வரியைப் படிக்க ஆளில்லை.

பென்சிலைக் கீழே வைத்தேன். அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அய்யோ, சாரமில்ல டீச்சர், சாரமில்ல” என்று என் கைகளைப் பிடித்து இறக்கினாள். பரவாயில்லை என்பதற்கு அந்த ஊர் வார்த்தை அது. பிறகு, “வெஷமம் இருந்துச்சு, மனசு வலிச்சது. இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன்” என்றாள். அவள் அதைச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் எனக்குச் சுக்குக் காப்பி போட எழுந்தாள். மூலையில் மூடி வைத்திருந்த ஒரே ஒரு குடத்திலிருந்து சின்னச் செம்பில் மொண்டாள். சிந்தாமல் மொள்ளும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன்தான் விவரம் சொன்னார். குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகிறதாம். அடுத்த சந்தில் ஒரு ராவுத்தர் குடும்பம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து துணிக்கடை வைத்திருப்பவர்கள். அந்த வீட்டு உம்மா தங்கள் கிணற்றை இந்தச் சந்து முழுவதற்கும் திறந்துவிட்டிருக்கிறார். வீட்டுக்கு இரண்டு குடம். இந்த வீட்டின் அன்றைய இரண்டாவது குடத்திலிருந்துதான் எனக்குக் காப்பி.

நான் காப்பியைக் குடித்து முடித்ததும் அக்கா, “டீச்சருக்கு வேண்டி ஜெபிக்கட்டா?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

அவள் கண்ணை மூடவில்லை. என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, எதிரே முக்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பேசினாள்.

“தெய்வமே, டீச்சர் வந்திரிக்காங்க. தொண்டை போயிடுச்சு பாவம். நாளைக்குக் கூட்டம். நீதான் பாக்கணும். இவரு நாளைக்கு வெளுப்பிலே, விடியுமுன்ன போகணும், பஸ்ஸு தெத்தாம கிடைக்கணும். அந்த உம்மாவோட கிணத்துல வெள்ளம் வத்தக் கூடாது. அவங்களுக்கு மனசு மாறாம இருக்கணும்… இல்ல, அது மாறாது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். வேற ஒண்ணும் சோதிக்கல. டீச்சரு ஒத்தையா இருக்காங்க. அந்தச் சின்னக் குட்டியும் போயிடுச்சு. கூட இரு.”

சோதிக்கல என்றால் அவள் பேச்சில் கேட்கவில்லை என்று அர்த்தம். என் காது அதைப் பிடித்தது உண்மைதான். ஆனால் திருத்த வாய் துடிக்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். சத்தம் வராத அழுகை. அந்தச் சின்ன அறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர இன்னொருவர் இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பல மாதமாக நான் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தவர், இங்கே முக்காலியில் உட்கார்ந்து பஸ் நேரத்தையும் கிணற்றையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். சிறு வயதில் என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வேதக்கோவிலுக்குப் போன நாட்களுக்குப் பிறகு அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை.

புறப்படும் முன் சைகையால் ஒன்று கேட்டேன். அவளைக் காட்டினேன், நிற்பதுபோல் காட்டினேன், எல்லாரையும் நடத்துவதுபோல் கையை வீசினேன்.

“ஞானா?” என்று அலறினாள் அவள். “எனக்கு அட்சரம் அறியாதே!”

“நாளைக்கு டீச்சருக்குத்தான் சத்தமில்ல. உனக்கு இருக்கே” என்று சிரித்தார் புருஷன்.

சனிக்கிழமை பெரியம்மா எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்து இறங்கினார். மிஷன் வீட்டு முன்னறை நிறைந்திருந்தது. அக்காவே போய் அழைத்ததால் கிணற்று வீட்டு உம்மாவும் வந்து, கடைசியில் கதவோரம் ஒரு பெஞ்சில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் முன்வரிசைப் பாயில் இருந்தேன். நான் எழுதிய நிகழ்ச்சித் தாளைப் பெரியம்மா கையில் வைத்திருந்தார். அதில் இருந்த எதுவும் நடக்கவில்லை.

அக்கா எழுந்து நின்றாள். “இந்தக் கொல்லம் தெய்வம் நமக்கு என்ன செஞ்சாருன்னு அவங்கவங்க எழுந்து பறயுங்க. நீட்டிக்கொண்டு போக வேண்டாம்” என்றாள். கொல்லம் என்றால் அங்கே வருஷம். கடைசியாகச் சொன்னது என்னைக் குறித்து இல்லை, ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ஒருத்தி தன் பல்வலி போனதற்கு நன்றி சொன்னாள். இன்னொருத்தி, கோபித்துக்கொண்டு கோயம்புத்தூர் போன மகன் கடுதாசி போட்டதற்கு. மிளகு சலிக்கும் பெண், “எனக்கு இந்தக் கொல்லம் ஒண்ணும் நல்லது நடக்கல. இருந்தாலும் வந்தேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்து எழுந்தவள், “பன்னண்டு நாளா எங்க சந்துல வெள்ளத்துக்குச் சண்டை வரல. அது இந்த உம்மா இருக்கிறதாலே” என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உம்மா வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்தார். “கிணறு நான் வெட்டினதா? வெள்ளம் அல்லாஹ் தர்றது. எனக்கு எதுக்கு நன்னி?” என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கேட்டவை ஐந்து வருஷ வீடு சந்திப்பில் கேட்காதவை. யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் யாரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் தெரிந்தது. இத்தனை நாளும் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

படகுத்துறை வரை பெரியம்மாவோடு நடந்தேன். அவர் நிகழ்ச்சித் தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “ஒழுங்கு போதாது” என்றார். சிறிது தூரம் நடந்தபின், “ஆனால் இந்தப் பெண்கள் வாய் திறந்து நான் இதுவரை பார்த்ததில்லை. நீ என்ன செய்தாய்?” என்று கேட்டார். நான் எதையும் செய்யவில்லை என்று சொல்வதற்கும் குரல் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு விழிப்பு வரவில்லை. எட்டு மணிக்கு எழுந்தேன். வெட்கமாக இல்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல், மனசில் இருந்ததை வந்தபடி சொன்னேன். அன்றைக்கே பாலக்காட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ எழுதியது சரி, என்னை மன்னித்துவிடு என்று இரண்டு வரி. இந்தக் கடிதத்தைத் திருத்தவில்லை. அவள் திரும்பி வரவில்லை. ஆனால் பதில் எழுதினாள். பிறகு அவள் கல்யாணத்துக்கு நான் போய் வந்தேன்.

பாண்டிகசாலை முற்றம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. மேனேஜரைப் போய்ப் பார்த்தேன், அன்பாகத்தான் பேசினார், முடியாது என்றார். பல வாரம் கூட்டத்துக்கு இடமில்லாமல் திண்டாடினோம். கடைசியில் உம்மாவே, “எங்க வீட்டுப் பின்முற்றத்துல பிலாவு நிழல் இருக்கே. பெண்ணுங்க வந்து இருந்து பேசினா யாருக்கு நஷ்டம்?” என்று அக்காவிடம் சொல்லியனுப்பினார். அவர் வீட்டு ஆண்களும் சம்மதித்தார்கள். அதன்பின் மட்டாஞ்சேரியில் நான் இருந்த ஆறு வருஷமும் எங்கள் வெள்ளிக்கிழமைச் சாயங்காலக் கூட்டம் அந்தப் பலா மரத்தடியில்தான் நடந்தது.

மலையாள எழுத்தை அக்காவின் புருஷனிடம் கற்றுக்கொண்டேன். அவர் வீட்டுக்கு வரும் நாட்களில் முதல் வகுப்புப் பாடப்புத்தகத்தோடு போவேன். கண்டிப்பான வாத்தியார். ‘ழ’வை நான் எழுதும் விதம் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அந்த அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். அவள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை, எத்தனை சொல்லியும்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு மாற்றல் வந்தது. அதன்பின் பெரிய பெரிய பொறுப்புகளில் இருந்திருக்கிறேன், நல்ல வாரங்களும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதி நினைவில் இல்லை. உடன் ஊழியக்காரியையும், கூட்ட இடத்தையும், குரலையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்த அந்த ஒரு வாரத்துக்காகத்தான் இன்றைக்கும் தினமும் நன்றி சொல்கிறேன். யாரை நடத்த நான் அனுப்பப்பட்டேனோ அவர்களே என்னை நடத்தினார்கள். அவர்களை அங்கே எனக்கு முன்பே கொண்டுவந்து வைத்தவருக்கு ஸ்தோத்திரம்.